நாளைக்குத்தான் பதினெட்டு

அத்தியாயம் பதினொன்று

"சிட்டு வீட்டை விட்டுக் கிளம்பிட்டாளாம்ணா. எங்கே போறேன்னு அவங்க அம்மாகிட்டகூடச் சொல்லலையாம்" என்று தங்கை போனில் சொன்ன இடத்தில் போன வாரம் தியேட்டர் வாசல்காரரை விட்டுவிட்டு வந்தோம். அதற்கப்புறம் நேற்று முழுக்க அந்த மனுஷர் என்ன செய்தார் என்கிறீர்களா? தியேட்டருக்குப் போனார், டிக்கெட் கிழித்தார், அறைக்கு வந்தார், படுத்தார். வேறென்ன செய்வார்? தனியாக இருக்கிற ஆளுக்குப் பதறுவதற்குக்கூட ஒரு துணை வேண்டியிருக்கிறது.

காலை எட்டு மணிக்குக் கதவு தட்டிய சத்தம் கேட்டபோது அவர் முகத்தில் பாதி சவரம் முடிந்திருந்தது, பாதி நுரையாக இருந்தது. அந்த நேரத்தில் அந்த அறைக்கு யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில் என்ன, எந்த நேரத்திலும் வருவதில்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாங்கும்போது எல்லாம் ஒன்று போதும் என்று வாங்கியதுதான்.

தையல்காரத் தங்கை நின்றாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள்.

"வந்துட்டாண்ணா."

"யாரு?"

"யாருன்னு கேக்கறே பாரு! உன் பொண்ணு. நேத்து சாயந்தரம் தோள்ல ஒரு பையை மாட்டிக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறா. பத்திரமா இருக்கா. நீ முதல்ல உக்காரு."

அவர் உட்கார்ந்தார். காய்ந்த நுரை கன்னத்தை இழுத்தது. சிட்டுவை அவர் கடைசியாகப் பார்த்தது ஐந்து வருடங்களுக்கு முன்னால், இதே தங்கை வீட்டில், முக்கால் மணி நேரம். அப்போது அவள் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தாள். வெட்கத்தில் வாயைத் திறக்காமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் ஐந்து வருடத்தை ஓட்டியிருக்கிறார்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"தூங்கினாளா?"

"தூங்கினா."

"என்னைப் பத்தி ஏதாவது..."

"கேக்கலைண்ணா."

தங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. நல்ல குணம்தான், என்ன செய்வது, சில நேரம் நெஞ்சில் வந்து இடிக்கிறது.

"ஏன் நேத்தே சொல்லலை?"

"சொல்லக்கூடாதுன்னா. மீறிச் சொன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடுவேன்னா. பிடிவாதத்துல அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கா."

"அப்ப இப்ப மட்டும் ஏன் சொல்றே?"

தங்கை நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"என் பெரியவளோட காலேஜ் கார்டைக் காணோம். காலைல எழுந்து பார்த்தா பர்ஸ்ல இல்லை. சிட்டு குளிச்சுட்டுக் கிளம்பி நிக்கறா. எங்கேடின்னா, படத்துக்குப் போறேன் அத்தைங்கறா. எந்தத் தியேட்டருக்குன்னா, அத்தைக்குத் தெரியாதாங்கறா."

வாசல்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் தியேட்டரில் இப்போது ஓடுவது பெரியவர்களுக்கு மட்டுமான படம். பெரியவளுக்கு இருபது வயது. முகச்சாயல் ஒன்று போலத்தான் இருக்கும்.

"நாளைக்குத்தானே அவளுக்குப் பதினெட்டு" என்றார் மெதுவாக.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரு நாள்ணா. ஒரே ஒரு நாள். கண்ணை மூடிக்கிட்டு விட்டுடேன்."

அவருடைய கண்ணைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் என்னவோ 'பதினெட்டு'. "டேய், இன்னைக்கு கேட்ல பதினெட்டு நிக்குதுடா, நாளைக்குப் போலாம்" என்று பேசிக்கொள்வார்கள். நாளைக்கும் அவர்தான் நிற்பார். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் நிற்கிறார். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்று வாங்கிய படம் ஓடும்போது சேர்ந்த புதிதில் நடந்த ஒரே ஒரு தவறு தவிர, பதினெட்டு நிறையாத ஒரு தலைகூட அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை.

மையால் மீசை வரைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். அம்மாவின் குதிகால் செருப்பில் தள்ளாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார், விரல் நகத்தைப் பார்ப்பார். வயது என்ன என்று கேட்டால் பொய் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். பிறந்த வருடம் எது என்று கேட்டால் மனசுக்குள் கழித்தல் கணக்கு ஓடும், கண் ஒரு நொடி கூரைக்குப் போகும். ஆள் அகப்பட்டாயிற்று.

வெறும் வீம்புக்கு அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பா கூடத்தானே வருகிறான் என்று ஒன்பது வயதுப் பையன் ஒருவனை விட்டிருந்தார். அரை மணியில் பையன் தனியாக வெளியே வந்து, நடைபாதைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தியபடி நின்றான். அப்பன் படம் முடிந்துதான் வந்தான். அன்றைக்கு எடுத்த முடிவு இது. கேட்காமல் யாரையும் விடக்கூடாது, தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்கக்கூடாது.

அந்தச் சட்டம் ஒரு நாள் அவர் வீட்டுக்கே வந்து நின்றது. அதுதான் இந்தக் கதையின் வினை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், மனைவி தன் அக்காவையும் அக்கா புருஷனையும் கூட்டிக்கொண்டு மத்தியானக் காட்சிக்கு வந்தாள். கையில் சிட்டு. படம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது, தன் புருஷன் நிற்கிற தியேட்டர் என்கிற பெருமைதான் தெரியும். பின்னால் பெரிய வரிசை. இவர் என்ன செய்திருக்கலாம்? "இது என் பொண்ணு, இந்தப் படம் வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று காதோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்குத் தனி வழி என்று வரிசையில் யாராவது முணுமுணுத்துவிடுவார்களோ என்று பயந்து, குனிந்து, எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதுபோல, சொந்த மகளிடம் கேட்டார்.

"பாப்பா, உன் வயசு என்ன?"

சிட்டுவின் முகம் மலர்ந்து போயிற்று. ஒரு கையை முழுதாக விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலை நீட்டி, "ஆறு!" என்றாள்.

"ஆறு வயசுப் பிள்ளைங்களை உள்ளே விடமாட்டோம்மா" என்றார் அப்பா.

அக்காவும் அக்கா புருஷனும் உள்ளே போய்ப் படம் பார்த்தார்கள். மனைவியும் மகளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலிருந்து அந்தப் படிக்கட்டு பத்தடி. அவர் அந்தப் பத்தடியைத் தாண்டவில்லை. காட்சி நடக்கும்போது வாசலை விட்டு நகரக்கூடாது என்பதும் சட்டம்தான். அந்த வாரக் கடைசியில் மனைவி மகளோடு தன் அம்மா ஊருக்குப் போனாள். போனவள்தான்.

"என்னண்ணா யோசிக்கறே?" என்றாள் தங்கை.

"நாளைக்கு வரச்சொல்லித்தானே எழுதினேன்."

ஆறு வாரம் முன்பு ஒரு கடிதம் போட்டிருந்தார். நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவதாகப் போட்ட கடிதம். 'பதினெட்டு ஆகிற அன்றைக்கு வா. மத்தியானக் காட்சி. நானே சங்கிலியைக் கழற்றி உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன். அன்றைக்கு எனக்கு லீவு.' பதில் வரவில்லை. வராவிட்டால் என்ன என்று நாளைய காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரமாகத் திரிகிறார்.

"நாளைக்கு வராம இன்னைக்கு வர்றான்னா அதுல ஏதோ இருக்குண்ணா" என்றாள் தங்கை. "அன்னைக்கு மாதிரி இன்னைக்கும் நிறுத்தினே, அப்புறம் அவளை நீ போட்டோவுலகூடப் பார்க்க முடியாது. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவர் மீதிப் பாதி முகத்தைச் சவரம் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினார். அவசரத்தில் தாடையில் ஒரு கீறல் விழுந்தது.

தியேட்டரில் மேனேஜர் அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தார்.

"சென்சார் ஆபீஸ்லேர்ந்து இன்னைக்கு ரெண்டு பேர் வர்றாங்களாம். எந்தக் காட்சிக்குன்னு தெரியாது. சின்னப் பசங்களை உள்ளே விடறதா எவனோ புகார் எழுதிப் போட்டிருக்கான்."

"நம்ம தியேட்டர்லயா?"

"எழுதறவனுக்குக் கை வலிக்கவா போகுது? பதினெட்டுக்குக் கீழே ஒரே ஒரு ஆள் உள்ளே மாட்டினாலும் லைசென்ஸுக்கு ஆபத்து. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் தைரியமா இருக்கேன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இன்றைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

பாப்கார்ன்காரம்மா தன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"என்னண்ணே, தாடைல ரத்தம்?"

"ஒண்ணுமில்லைம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு மாதிரி இருக்கீங்க?"

அவர் தாடையைக் கைக்குட்டையால் துடைத்தார். பத்து வருடமாக அந்த அம்மா அவருக்கு எட்டடி தள்ளி நிற்கிறாள். அவருக்கு ஒரு மகள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்றில்லை. ஒரு நாள் சொல்லாமல் விட்டார், அப்புறம் சொல்வதற்கான நாள் தாண்டிப் போய்விட்டது.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. கூட்டம் சுமார்தான். வாசலை மறித்துத் தொங்குகிற சங்கிலியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அவர் வேலையைத் தொடங்கினார். கையில் டார்ச், வாயில் வழக்கமான கேள்விகள், கண் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே.

ஒருவர் பத்து வயதுப் பையனோடு வந்தார்.

"பெரியவங்களுக்கான படம் சார்."

"தெரியும். நான் கூட இருக்கேனே. அந்த மாதிரி சீன் வந்தா அவன் கண்ணை நான் பொத்திக்கறேன்."

"காதை யார் பொத்துவா?"

வந்தவர் திருதிருவென்று விழித்தார். பையன் அப்பாவின் கையை இழுத்து, "வாப்பா, பார்க்குக்குப் போலாம்" என்றான். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிட்டு மட்டும் வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. தங்கை பேச்சைக் கேட்டு மனசு மாறியிருப்பாள் என்று நினைத்தார். நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லை. உயிர் போகிற மாதிரி இருந்தது. கார்டு திருடினாலும் சரி, பொய் சொன்னாலும் சரி, என் எதிரில் வந்து நில்லடி என்றுதான் உள்ளே ஒரு குரல் கெஞ்சியது.

உள்ளே திரையில் வயதுச் சான்று விழுந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சில நொடி வருமே, அந்தத் தாள். அதை யாரும் படிப்பதில்லை, அவர் ஒருவர்தான் கதவு இடுக்கில் பார்த்துத் தினமும் முழுக்கப் படிப்பார். அதற்குமேல் ஒரு பத்து நிமிடம், அப்புறம் கடைசிப் பத்து நிமிடம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்ததில்லை. எந்தக் கதையிலும் நடுவில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. மகள் விஷயத்திலும் அப்படியே ஆகிப்போனது.

அவர் திரும்பியபோது வரிசையில் நாலைந்து பேர் மிச்சமிருந்தார்கள். இரண்டாவதாக அவள் நின்றாள்.

உயரமாக இருந்தாள். முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். தோளில் பை. முன்னால் நின்றவருடைய டிக்கெட்டை வாசல்காரர் கோணலாகக் கிழித்தார்.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். டிக்கெட்டையும் கார்டையும் சேர்த்து நீட்டினாள்.

"சார், டிக்கெட்" என்றாள்.

சார்!

அவர் கார்டை வாங்கவில்லை. அந்த விரல்களைப் பார்த்தார். நகங்களைக் கடித்துத் துப்பி வைத்திருந்தாள். சின்ன வயசுப் பழக்கம், இன்னும் விடவில்லை. பின்னால் நின்ற எல்லோரும் அவர்களைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தார்கள்.

கார்டை வாங்கி ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. அவள் உள்ளே போய்விடுவாள், தங்கை சொன்ன மாதிரி ஒரே ஒரு நாள். வருவதாகச் சொன்ன ஆபீஸ்காரர்கள் உள்ளே இருக்கிறார்களோ இல்லையோ, அது அப்புறம். இல்லையென்றால் எப்போதும் கேட்கிற கேள்வி. பிறந்த வருடம் என்ன? அவள் கண் கூரைக்குப் போகும்.

"வயசு கேக்கலையா சார்?" என்றாள் அவள்.

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"எனக்குத் தெரியும்." அவர் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். "நாளைக்கு விடியக்காலைல நாலே காலுக்குத்தான் உனக்குப் பதினெட்டு. இன்னும் பதினாறு மணி நேரம் இருக்கு. அன்னைக்கு மழை. நர்ஸ் வெளியே வந்து சொல்றப்ப நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்."

பின்னால் நின்ற இளவட்டம் ஒன்று வாயைப் பிளந்தது. "யப்பா, நம்ம பதினெட்டு, வயசை நிமிஷக் கணக்குல சொல்லுதுடா!"

"பதினாறு மணி நேரம்தானே சார், விட்டுடுங்க, பாவம்" என்றார் இன்னொருவர்.

"விட முடியாது சார்" என்றார் வாசல்காரர். பிறகு, வரிசைக்கும் பாப்கார்ன்காரம்மாவுக்கும் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளுக்கும் சேர்த்து, உரக்கச் சொன்னார். "இது என் பொண்ணு."

பாப்கார்ன்காரம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

சிட்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. திரும்பிக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். படிக்கட்டில் ஒரு நொடி நின்றாள். பிறகு, பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கமாகத் திரும்பாமல், மேல்படியில், அம்மா அன்றைக்கு உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்தடி.

வாசல்காரர் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். நிற்பது அவருக்குப் பழக்கம். அன்றைக்கும் இதே கண்ணாடி வழியாக இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நின்றார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடமும் அங்கேயேதான் நின்றிருக்கிறார் என்று அவருக்கு அந்த நிமிடம் உறைத்தது.

"அம்மா, இங்கே வாங்க" என்றார். "இந்த டார்ச்சைப் பிடிங்க."

"நானா? எனக்கு என்னண்ணே தெரியும்?"

"வர்றவங்ககிட்ட எல்லாம் வயசைக் கேளுங்க. சந்தேகமா இருந்தா விடாதீங்க."

"அண்ணே, படம் ஓடிட்டிருக்கு, நீங்க எங்கே..."

அவர் சங்கிலியைக் கழற்றி, வெளியே வந்து, திரும்ப மாட்டினார். உள்ளேயிருந்து மாட்டியே பழகிய கைக்கு வெளியேயிருந்து கொக்கி அகப்படவில்லை. மூன்றாவது தடவை மாட்டியது.

படிக்கட்டில் வெயில் காய்ந்தது. மகளுக்கு ஒரு முழம் இடம் விட்டு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த பேச்செல்லாம் கேள்விகள்தான்.

அவளே ஆரம்பித்தாள்.

"வேலை போயிடாதா?"

"தெரியலை."

"உள்ளே போங்க."

"போறேன். படம் முடியட்டும்."

ஒரு பஸ் வந்தது, போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா இன்னைக்கு வந்தே? நாளைக்குன்னு எழுதியிருந்தேனே."

"நாளைக்கு வந்தா கேட்ல யார் நின்னாலும் என்னை உள்ளே விடுவாங்க. அதுக்கு அப்பா எதுக்கு?"

அப்பா என்று சொல்லிவிட்டாள். தெரிந்து சொன்னாளா தெரியாமல் சொன்னாளா என்று அவர் பார்க்கத் துணியவில்லை.

"நான் விட்டிருந்தா?"

"ஜாலியா படம் பார்த்துட்டு அடுத்த பஸ்ல போயிருப்பேன்."

"நிறுத்திட்டு அங்கேயே நின்னிருந்தா?"

"அப்பவும் அடுத்த பஸ்தான்."

அவள் கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு என்கிட்ட வயசு கேட்டீங்கல்ல? எனக்கு ஒரே குஷி. தெரிஞ்ச கேள்வி. டக்குனு ஆறுன்னு சொன்னேன். நீங்க விடலை. அம்மா இங்கே உக்காந்து அழுதாங்க. அப்புறம் ஊரை விட்டே போயிட்டோம்."

"அது உன்னால இல்லைம்மா..."

"இப்பத் தெரியும். அப்ப எப்படித் தெரியும்? நான் பதிலைத் தப்பாச் சொல்லிட்டேன்னு நெனச்சேன்ப்பா. ஏழுன்னு சொல்லியிருக்கணுமோ, எட்டுன்னு சொல்லியிருக்கணுமோன்னு. பாட்டி வீட்ல படுத்துக்கிட்டு ஒவ்வொரு நம்பரா சொல்லிப் பார்ப்பேன். எதைச் சொல்லியிருந்தா நாம மூணு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போயிருப்போம்னு. ரொம்ப வருஷம்."

வாசல்காரர் அழுதார். ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், தான் வேலை பார்க்கிற தியேட்டரின் படிக்கட்டில், சீருடையோடு உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதார். இத்தனை வருடமும் தன் தனிமை மட்டும்தான் பெரிது என்று நினைத்திருந்தார். ஒரு குழந்தை இருட்டில் படுத்துக்கொண்டு எண்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது அவருக்குத் தெரியாது.

"நீ சரியாத்தான் சொன்னே" என்றார், வார்த்தை வந்தபோது. "ஆறுதான். நான்தான் கேட்டிருக்கக்கூடாது. எனக்குத் தெரிஞ்சதை நான் கேட்டிருக்கக்கூடாதும்மா. நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்துட்டேன்."

அந்த ஒரு முழ இடைவெளியில் இருந்த தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்தாள்.

பின்னால் கதவு படாரென்று திறந்தது. மேனேஜர்.

"என்னய்யா இது? கேட்டை விட்டுட்டு இங்கே உக்காந்து... ஆபீஸ்காரங்க வந்துட்டாங்க! அதுல தலை பூரா நரைச்ச மனுஷர்கிட்ட அந்தம்மா டார்ச்சை அடிச்சு 'உங்க வயசு என்ன'ன்னு கேட்டிருக்கு! நானே கூட்டிட்டுப் போறேன்னாலும் வயசைச் சொன்னாத்தான் ஆச்சுன்னு சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது!"

சிட்டு சட்டென்று சிரித்தாள். இந்தத் தடவை வாயைத் திறந்து சிரித்தாள். பல் வரிசை நேராகி இருந்தது. அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மேனேஜரை அல்ல.

"காட்சி முடிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்கு வாங்க" என்றார் மேனேஜர். "இருபத்திரண்டு வருஷமா இல்லாத பழக்கம். முடிவு பண்ண வேண்டியதை முடிவு பண்ணிடலாம்." கதவு சாத்திக்கொண்டது.

"பயமா இருக்காப்பா?"

"இருக்கு."

"நாளைக்கு எத்தனை டிக்கெட் எடுத்து வச்சிருக்கீங்க?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வாரத்து வியர்வையில் தாள் நைந்திருந்தது.

"ரெண்டு."

"மூணா மாத்த முடியுமா?"

வாய்க்கு வந்தது அவருடைய தொழில் கேள்விதான். "மூணாவது ஆளுக்குப் பதினெட்டு ஆயிடுச்சா?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"வர்ற பத்தொன்பதாம் தேதி நாப்பத்தேழு" என்றார் மெதுவாக. அதையும் விட்டுவிடாமல் எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறார். "அவ வர்றேன்னு சொன்னாளா?"

"சொல்லலை. நான் இங்கே இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. நேத்துலேர்ந்து போன் பண்ணிட்டே இருக்காங்க, நான் எடுக்கலை." சிட்டு பைக்குள் கைவிட்டாள். போன் அடித்துக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. திரையில் 'அம்மா'. "நான் கேக்க மாட்டேன்ப்பா. நீங்கதான் கேக்கணும்."

போனை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

இருபத்திரண்டு வருடமாக முன்பின் தெரியாதவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்ட மனுஷர். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பயமில்லாமல் கேட்டார். இந்த ஒரு ஆளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றுவிட்டால் மறுபடி வருமோ வராதோ. அவர் கட்டைவிரலைத் திரையில் வைத்து, காதுக்குக் கொண்டுபோனார்.

"சிட்டு? சிட்டு, எங்கேடி இருக்கே?" என்றது பன்னிரண்டு வருடமாகக் கேட்காத குரல்.

"நான்தான்" என்றார் அவர்.